தொட்டிக்குள் இறங்கிய விலாங்கு

மனிதரும் மிருகமும் மரமும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஸ்கலினா என்ற கடற்கரை ஊரின் மழைநீர்த் தொட்டியடியில் ஒருநாள் காலை பதினொரு பேர் கூடினார்கள். யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஊர்த் தலைவர் கிர்ஷே. தொட்டியின் சாவியை வைத்திருந்த பெரினா. ரொட்டி சுடும் மாண்டே. கோட்டை வாசலைக் காத்த துனாத். மீன் பிடிக்கும் சகோதரர்கள் இருவர். இரட்டைப் பிள்ளைகள் என்பதால் ஊரார் இருவரையும் ஒரே பெயரில் கூப்பிடுவார்கள், ஆனால் எண்ணும்போது இரண்டு. ஆக மனிதர் ஆறு. கழுதை, பூனை, கடற்காகம் என்று மூன்று. தொட்டியின் வாயோரத்தில் நின்ற அத்திமரம் ஒன்று. அது எங்கும் போகாததால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே இருந்தது. பதினொன்றாவதாக, சகோதரர்கள் கொண்டுவந்த மரவாளிக்குள் ஒரு விலாங்கு மீன். வாசல் வளைவின் மேலே செதுக்கியிருந்த இறக்கை வைத்த சிங்கமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது கல். அதைச் சேர்க்கவில்லை.

பெரினாவை மொட்டைப்பாறையில் கொண்டுபோய் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அவர்கள் கூடியிருந்தார்கள். மொட்டைப்பாறை கடலுக்குள் தனியாக நிற்கும் ஒரு பாறை. அதில் புல் இல்லை, நிழல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுவரை அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் மூன்று பேர். திரும்பி வந்தவர் எவரும் இல்லை.

அவள்மேல் என்ன குற்றம் என்பது புரிய வேண்டுமானால் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், இன்று குரோஷியா என்று சொல்லப்படும் நாட்டில் இருக்கிறது ஸ்கலினா. கரையை ஒட்டிய சின்னப் பாறைத்தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவே நூற்றுப் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு கல்பாலம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து பெருநிலத்திலிருந்து ஓடிவந்த அறுபத்துமூன்று குடும்பங்கள் கட்டிய ஊர் அது. பயந்து வந்தவர்கள் கட்டியதால் எல்லாமே பயத்தின் அளவுக்குத்தான் இருந்தது. தெருவில் ஒருவர் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும். பகைவன் குதிரையில் வந்தால் திரும்ப முடியாது. கடலைப் பார்த்த சுவரில் சன்னலே கிடையாது. மற்ற சன்னல்களுக்குச் சாய்ந்த இடுக்குகள் வைத்த பலகைக் கதவு. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது.

ஆனாலும் அழகான ஊர். காலை வெயில் படும்போது வெள்ளைக்கல் வீடுகள் எல்லாம் தேன் தடவியதுபோல் ஆகிவிடும். தெருக்கள் எல்லாம் படிக்கட்டுகள். அந்தப் படிகள் நடந்து நடந்து கண்ணாடிபோல் வழுவழுத்து, மாலையில் வானத்தின் நிறத்தை அப்படியே காட்டும். மணிக்கூண்டைச் சுற்றி உழவாரக் குருவிகள் கத்திக்கொண்டு பறக்கும். ரொட்டி வாசனையும் பைன்மரத்துப் பிசின் வாசனையும் உப்புக்காற்றும் எந்த மூலையிலும் இருக்கும். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் திரும்பிப் போக மனமில்லாமல் பாலத்தின் மேல் நின்றுகொண்டே இருப்பார்கள். ஏன் இவர் இன்னும் போகவில்லை என்று ஊராருக்கு அவர்கள்மேல் சந்தேகம் கூடிவிடும்.

குறை ஒன்றுதான். பாறையில் ஊற்று இல்லை. அதனால் வீட்டுக் கூரைகளைத் தட்டையான கற்களால் வேய்ந்து, சுண்ணாம்பு பூசி, அவற்றில் விழும் மழையைக் கல்வாய்க்கால் வழியாகச் சதுக்கத்துக்கு அடியில் இருந்த பெரிய தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அறுபத்துமூன்று கூரைக்கும் தொட்டி ஒன்றே. அதன் வாயில் வேலைப்பாடு செய்த கல்வளையம். மேலே பூட்டுப் போட்ட இரும்பு மூடி. பெரினாவின் அம்மா சாவி வைத்திருந்தாள், பிறகு பெரினா. சதுக்கத்து மூலையில் அவள் இருந்த ஒற்றை அறை அந்தச் சாவியோடு சேர்ந்தது. அதைவிட்டால் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

தண்ணீரை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளப்பார்கள். முடிச்சுக்கு முடிச்சு ஒரு முழம். ஜூன் மாதத்துக் கடைசி மழைக்குப் பிறகு பதினெட்டு முடிச்சுத் தண்ணீர் இருக்கும். பத்து நாளைக்கு ஒரு முடிச்சு என்று வைத்துக் குடித்தால், செப்டம்பரில் அடுத்த மழை வரும்வரை தாராளமாகப் போதும். தொட்டியில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்பது ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் முற்றுகையிட வருகிறவன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுவான்.

அந்த வருடம் நாற்பதாவது நாள் பெரினா கயிற்றை இறக்கினாள். பதினான்கு முடிச்சு நனைய வேண்டும். ஒன்பதுதான் நனைந்தது. ஐந்து முடிச்சுத் தண்ணீரைக் காணவில்லை.

அவள் அதை மறைக்கவில்லை. நேராகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அதுவே அவள்மேல் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது.

"தானாகவே வந்து சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது" என்றான் துனாத்.

அன்றிலிருந்து ஊரில் ஒருவர் உதட்டை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். வெடிக்காத உதடு இருந்தால் அவர் அதிகம் குடிக்கிறார். பூந்தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்கள். காயப்போட்ட துணியை முகர்ந்து, கடல்தண்ணீரில் துவைத்ததா நல்ல தண்ணீரிலா என்று பார்த்தார்கள். மாண்டேயின் ரொட்டி வழக்கத்தைவிட மென்மையாக இருப்பதாக ஒருவர் சொல்ல, மறுநாள் அவள் கல்லைப்போல் ரொட்டி சுட்டாள். குற்றத்தை மறைக்கத்தான் இப்படிச் சுடுகிறாள் என்றார்கள்.

தொட்டியடியில் தினமும் கூட்டம் நடந்தது. வெயில் கொளுத்தியதால் எல்லாரும் அத்திமர நிழலில் உட்கார்ந்தார்கள். ஊரில் செடிகொடி எல்லாம் மஞ்சளாகிவிட்ட அந்த நாட்களிலும் அந்த மரம் மட்டும் கையகல இலைகளோடு குளுகுளுவென்று நின்றது. அதன் பேச்சும் இதமாக இருக்கும்.

"நான் நாள் முழுவதும் இங்கேதான் நிற்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்கிறேன். யார் பெயரையும் சொல்ல எனக்கு மனசு வராது. நேற்று கழுதையின் தாடி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்" என்றது அத்திமரம்.

"அது வியர்வை!" என்று கத்தியது கழுதை. "எண்ணெய்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு நூற்றுப் பதினெட்டுப் படி ஏறிவிட்டு வந்தேன்."

"நான் வியர்வை இல்லை என்று சொல்லவில்லையே. ஈரம் என்றுதான் சொன்னேன்."

அடுத்த நாள் பூனையின் முறை.

"எனக்குத் தண்ணீரே பிடிக்காது. ஊருக்கே தெரியும்" என்றது பூனை.

"அதைத்தான் நீ சொல்லிச் சொல்லி ஊரை நம்பவைத்திருக்கிறாய்" என்றான் துனாத். "அப்புறம் ஏன் எப்போது பார்த்தாலும் அந்த மூடிமேல் படுத்திருக்கிறாய்?"

"குளிர்ச்சியாக இருக்கிறது, படுக்கிறேன். நீயும் வந்து படு, யார் வேண்டாம் என்றது?"

பதினான்கு நாள் இப்படிக் காவல் காத்தும் திருடன் அகப்படவில்லை. கயிற்றில் ஆறு முடிச்சுத்தான் நனைந்தது. அப்போதுதான் கிர்ஷே ஒரு யோசனை சொன்னார். ஒன்பது நாள் யாருமே தண்ணீர் எடுக்கக்கூடாது. மூடியைப் பூட்டி, மெழுகு ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்துவிடுவது. முத்திரை உடைந்தால் திருடன் உண்டு; உடையாவிட்டால் திருடன் பயந்துவிட்டான்.

"அதுவரை குடிக்க?" என்று கேட்டாள் மாண்டே.

"திராட்சை மது இருக்கிறதே."

அந்தக் கரையில் மதுவில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். அந்த ஒன்பது நாளும் தண்ணீர் கலக்காமல் குடித்தார்கள். மிருகங்களும் அதையேதான் குடித்தன. கடற்காகம் மணிக்கூண்டைக் கப்பலின் பாய்மரம் என்று நினைத்து அதை ஓட்ட உத்தரவு போட்டது. கழுதை எல்லாரையும் மன்னித்துவிட்டதாக அறிவித்தது. சந்தேகம் மட்டும் யாருக்கும் தெளியவில்லை.

ஒன்பது நாள் கழிந்து பார்த்தபோது முத்திரை அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து கயிற்றை இறக்கினார்கள். நாலே முக்கால் முடிச்சு. யாரும் தொடாமலேயே ஒன்றே கால் முடிச்சு குறைந்திருந்தது.

வேறு ஊராக இருந்தால் அந்த இடத்திலேயே தொட்டி ஒழுகுகிறது என்று யோசித்திருப்பார்கள். ஸ்கலினாவில் அப்படி யாரும் யோசிக்கவில்லை. திருடர்களுக்குப் பயந்து கட்டிய ஊரில், காணாமல் போனதெல்லாம் திருடு போனதாகத்தான் இருக்கும்.

"முத்திரை உடையாமல் இருக்கிறதே, அதுதான் சந்தேகத்துக்கு இடம்" என்றான் துனாத். "உடைத்துவிட்டு மறுபடி ஒட்டத் தெரிந்தவர் யார்? மெழுகு யார் வீட்டு மெழுகு?"

மெழுகு பெரினா வீட்டு மெழுகு. சிலர் மோதிரத்தையும் பார்த்தார்கள். கிர்ஷே கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு சத்தமாகச் சொன்னார்:

"நாளைக்கு ஊர்த் திருநாளுக்கு முந்தின நாள். நாளைக் காலைக்குள் திருடன் யார் என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சாவி வைத்திருந்தவள்தான் பொறுப்பு. படகில் ஏற்றி மொட்டைப்பாறையில் விட்டுவிட வேண்டியதுதான்."

மறுநாள் காலையில்தான் அந்தப் பதினொரு பேர் அத்திமர நிழலில் கூடினார்கள். படகு கடற்படியில் தயாராகக் கட்டியிருந்தது. சகோதரர்கள் இருவரும் விடிகாலையில் பெருநிலத்து ஓடைமுகத்தில் பிடித்த விலாங்கை, திருநாள் விருந்துக்காக ஓடைத்தண்ணீர் வாளியிலேயே உயிரோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"பெரினா, கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார் கிர்ஷே.

"நான் எடுக்கவில்லை, பார்பா" என்றாள் அவள். வயதில் பெரிய ஆண்களை அந்தக் கரையில் பார்பா என்றும் பெண்களைத் தேத்தா என்றும் அழைப்பார்கள். "இதை இருபத்து நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்தாவது தடவை சொன்னால் நம்புவீர்களா?"

"ஒரே மாதிரி சொல்கிறாள் பார்" என்றான் துனாத். "மனப்பாடம் செய்திருக்கிறாள்."

"பாவம், விட்டுவிடுங்கள்" என்றது அத்திமரம். "அவளுக்கு என்ன கஷ்டமோ, எடுத்துவிட்டாள்."

அப்போது வாளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ளே யாராவது இறங்கிப் பார்த்தீர்களா?"

எல்லாரும் வாளியைப் பார்த்தார்கள். விலாங்கு தலையைத் தூக்கியிருந்தது.

"வெளியே இத்தனை நாள் தேடியிருக்கிறீர்கள். தொட்டிக்கு உள்ளே பார்த்தீர்களா என்று கேட்கிறேன்."

யாரும் பார்த்ததில்லை. கட்டி முடித்த நாளிலிருந்து அந்தத் தொட்டிக்குள் யாருமே இறங்கியதில்லை. கிர்ஷே துனாத்தைப் பார்த்தார்.

"நீ இறங்குகிறாயா?"

"நான் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிப்பது யார்?"

"நாங்கள் பிடிக்கிறோம்" என்றார்கள் சகோதரர்கள்.

"அதனால்தான் இறங்க மாட்டேன்."

"சரி, நீங்கள் இருவரும் இறங்குங்கள்" என்றார் கிர்ஷே சகோதரர்களிடம்.

"மூடியின் பக்கத்தில் துனாத் நிற்கக்கூடாது. அப்படியென்றால் இறங்குகிறோம்."

"நான் ஏன் நிற்கக்கூடாது? நான் நிற்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"நான் இறங்குகிறேன்" என்றாள் பெரினா.

"அடேயப்பா!" என்றார் கிர்ஷே. "தடயத்தை அழிக்கவா?"

விலாங்கு மறுபடி தலையைத் தூக்கியது.

"நான் போகிறேன். எனக்கு இருட்டு பழக்கம். வெளிச்சம் வேண்டாம், கயிறும் வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன். பதிலுக்கு என்னைக் குழம்பு வைக்காமல் கடலில் விட்டுவிடுங்கள். இலையுதிர் காலத்தில் எங்கள் கூட்டம் முழுவதும் ஆழ்கடலுக்குப் போகும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போவோம். நானும் அதற்குத்தான் ஓடைமுகத்தில் காத்திருந்தேன்."

"முதலில் நீ யார் என்று சொல்" என்றான் துனாத். வாசலில் எல்லாரையும் கேட்கும் கேள்வி அது. "பாம்பா, மீனா?"

"மீன்."

"செதில் எங்கே?"

"இருக்கிறது. ரொம்பச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத செதிலாம்!" கடற்காகம் சிரித்தது. "எனக்கும் கண்ணுக்குத் தெரியாத பல் இருக்கிறது."

"தண்ணீரில் விஷம் கக்கிவிட்டால்?" என்றாள் மாண்டே. "மீதியிருப்பதே நாலே முக்கால் முடிச்சு."

"அந்நியரை நம்பி யாராவது குடிதண்ணீரில் விடுவார்களா?" என்றது அத்திமரம். அதன் குரலில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் அவசரம் தெரிந்தது. "சட்டிக்கு வந்த சாமானோடு என்ன பேச்சு?"

கிர்ஷே எழுந்தார். "பேசியது போதும். தேத்தா மாண்டே, இதைச் சமையலறைக்குக் கொண்டுபோங்கள். பெரினா, சாவியைக் கொடு."

பெரினா கழுத்திலிருந்து சாவிக்கயிற்றைக் கழற்றிக் கிர்ஷே கையில் கொடுத்தாள். எல்லாரும் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாண்டே வாளியை எடுக்கக் குனிந்தாள். பெரினா அவளுக்கு முன்னால் குனிந்து வாளியைத் தூக்கினாள்.

"வேலை முடிந்ததும் நானே உன்னைத் தூக்கிக் கடலில் விடுகிறேன்" என்றாள் விலாங்கிடம். காலையில் அளப்பதற்காகத் திறந்துவைத்திருந்த தொட்டிக்குள் வாளியைக் கவிழ்த்தாள்.

கீழே தண்ணீர் ஒரே ஒரு தடவை சத்தமிட்டது.

பிறகு மேலே சத்தம் எழுந்தது. விஷம் வைத்துவிட்டாள் என்றான் துனாத். பாம்பை விட்டுவிட்டாள் என்றாள் மாண்டே. சகோதரர்கள் அவளுடைய இரண்டு கையையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"மூடியைப் போடு! பூட்டு!" என்று கத்தினார் கிர்ஷே.

மூடியைப் போட முடியவில்லை. கழுதை தலையைத் தொட்டியின் வாய்க்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

"நகரு!"

"மாட்டேன். நான் குடித்தேன் என்று இருபத்து நான்கு நாள் சொன்னீர்கள். எனக்கும் இப்போது சந்தேகமாகிவிட்டது. குடித்தேனா இல்லையா என்று தெரியாமல் நகர மாட்டேன்."

துனாத் வாலைப் பிடித்து இழுத்தான். கிர்ஷே கழுத்தைத் தள்ளினார். கழுதை நான்கு காலையும் கல்லில் ஊன்றிக்கொண்டது. இந்த இழுபறி முடிவதற்குள் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"பெரினா, வாளியை இறக்கு. நான் வரவில்லை. ஒன்றை அனுப்புகிறேன். முதலில் எல்லாரும் அதைப் பார்க்கட்டும்."

சகோதரர்கள் அவள் கையை விட்டார்கள். அவள் வாளியை இறக்கித் தூக்கினாள். வாளியின் அடியில், நுனியில் பிய்ந்த, விரல் கனமுள்ள ஒரு வேர் கிடந்தது.

"கிழக்குச் சுவரில் ஒரு விரிசல்" என்றது விலாங்கின் குரல். "அதன் வழியாக ஒரு முழு வேர்க்கற்றை உள்ளே வந்து தண்ணீருக்குள் தலைமுடிபோல் தொங்குகிறது. பக்கத்தில் போனபோது என் வாலைச் சுற்றிப் பிடித்தது. கடித்துத்தான் விடுபட்டேன்."

பெரினா வேரை எடுத்தாள். பிய்ந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு துளி கசிந்து அவள் விரலில் ஒட்டியது. விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துப் பிரித்தாள். நூல்போல் இழுத்தது. பால்.

அத்திப்பாலை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. எல்லாரும் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேலே இலைகள் பச்சைப்பசேல் என்று அசைந்தன.

"நீயா?" என்றார் கிர்ஷே.

"நான் எதையும் திருடவில்லை" என்றது அத்திமரம். "சுவர் கசிந்தது, நான் நக்கினேன். கசிவு இனித்தது, கொஞ்சம் உள்ளே போனேன். உள்ளே நிறைய இருந்தது."

"எங்களோடு உட்கார்ந்து எல்லார்மேலும் சந்தேகத்தைக் கிளப்பினாயே!"

"நான் கிளப்பவில்லை. உங்களிடம் இருந்ததற்குக் கொஞ்சம் காற்று விசிறினேன். இருபத்து நான்கு நாள் என் நிழலில் உட்கார்ந்துதான் திருடனைத் தேடினீர்கள். ஊரே காய்ந்து கிடக்கும்போது இந்த நிழல் எங்கிருந்து வருகிறது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?"

அதற்குப் பதிலாகக் கோடரியைக் கொண்டுவந்தார்கள். மரத்தை வெட்டித் துண்டுகளைக் கோட்டைச் சுவருக்கு மேலே தூக்கிக் கடலில் எறிந்தார்கள். ஒரு கிளை மட்டும் கடலில் விழாமல் சுவர் இடுக்கில் சிக்கிக்கொண்டது. அது அங்கேயே துளிர்த்துவிட்டது. மண்ணே இல்லாத சுவரில் இன்றும் அத்தி முளைத்து நிற்பது அதனால்தான். எதைக் குடிக்கிறது என்று ஊரார் இன்றும் யோசிக்கிறார்கள்.

கிர்ஷே பெரினாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "எண்ணிப் பார்த்துக்கொள்" என்றார். ஒரே சாவிதான்.

வேலை இன்னும் பாக்கியிருந்தது. வேர் போன இடத்தில் ஓட்டை. விலாங்கு சொன்னபடி சிவப்புக் களிமண்ணையும் சுண்ணாம்பையும் பிசைந்து ஐந்து வாளி இறக்கினார்கள். விலாங்கு இருட்டில் தன் உடம்பாலேயே அதை விரிசலுக்குள் அழுத்தி அழுத்தி அடைத்தது. மூன்று நாள் ஆயிற்று. நடுவில் திருநாள் வந்து போனது. விருந்தில் மத்தி மீன் வைத்தார்கள். அந்த மூன்று நாளும் விலாங்கு தண்ணீரில் இருந்த புழுவையும் கொசுக்குஞ்சையும் தின்றது. அடியில் தேங்கிய தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. மேலே ஊரார் பேசுவதெல்லாம் தொட்டிவாய் வழியாக இறங்கி அதன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. யார் அடுத்த வீட்டுக் கோழியைக் கணக்கெடுக்கிறார், யார் யாருடைய விறகைத் தூக்கிப் பார்க்கிறார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படியாகிவிட்டது.

நான்காவது நாள் காலை பெரினா கயிற்றை இறக்கினாள். தண்ணீர் நூலளவும் கசியவில்லை. அவள் முகம் மலர்ந்தது. வாளியில் பாதி கடல்தண்ணீர் மொண்டுவந்து இறக்கினாள்.

"ஏறிக்கொள். நேரே கடற்படிக்குப் போகிறோம்."

விலாங்கு மேலே வந்து வாளியின் விளிம்பைத் தொட்டது. அப்போது தொட்டியைச் சுற்றிலும் முகங்கள் எட்டிப் பார்த்தன.

"ஏறு தம்பி, ஏறு" என்றார் கிர்ஷே. அவர் அவ்வளவு அன்பாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

விலாங்கு அசையவில்லை. "கூழ் வாசனை வருகிறதே" என்றது.

விலாங்குக் குழம்பை அந்த ஊரில் கூழோடுதான் சாப்பிடுவார்கள்.

"அது என் மத்தியானச் சாப்பாடு" என்றாள் மாண்டே. அது உண்மையாகவே இருக்கலாம். மாண்டே தினமும் கூழ்தான் குடிப்பாள்.

"விடுவதாக இருந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும்" என்றான் துனாத். "நம் தொட்டியில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று இதற்குத் தெரியும். வெளியே போய் யாரிடமாவது சொன்னால்?"

"வாயை மூடு, துனாத்" என்றாள் பெரினா.

"நான் தப்பாகச் சொல்லவில்லையே. பொதுவாகத்தான் சொன்னேன்."

விலாங்கு வாளியின் விளிம்பை விட்டு ஒரு முழம் பின்வாங்கியது.

"பெரினா, இங்கிருந்து கடற்படிக்கு எத்தனை அடி?"

"நாற்பத்தாறு."

"அந்த நாற்பத்தாறு அடியில் எத்தனை கைகள்?"

பெரினா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கிர்ஷே கையைப் பின்னால் கட்டியிருந்தார். சகோதரர்களின் கை இடுப்பில் இருந்தது. கத்தியும் அங்கேதான் இருந்தது. மாண்டே கையை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை" என்றது விலாங்கு. "நீ நாற்பத்தாறு அடியும் நடப்பாய். நடக்க விடுவார்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. வரும்போது நான் இப்படி இல்லை. நான்கு நாள் உங்கள் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்."

அது திரும்பி இருட்டுக்குள் போய்விட்டது.

பெரினா மறுநாளும் வாளியை இறக்கினாள். அதற்கு அடுத்த நாளும் இறக்கினாள். இலையுதிர் காலம் வந்தது. முதல் மழையில் ஓடை பெருகி, விலாங்குகள் கூட்டம் கூட்டமாகப் பாலத்துக்கு அடியில் ஆழ்கடலை நோக்கிப் போயின. அன்று காலையிலிருந்து மாலைவரை பெரினா வாளியைத் தொட்டிக்குள் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சதுக்கத்தில் ஒருவர்கூட இல்லாதபடி எல்லாரையும் விரட்டியிருந்தாள். ஆனால் சன்னல் பலகைகளின் இடுக்குகள் திறந்திருந்தன. விலாங்கு ஒரு தடவை மேலே வந்து, தண்ணீர்ப் பரப்பில் மூச்சுவிட்டு, வாளியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கிப் போனது.

அடுத்த வருடம் ஊரில் இன்னொரு பேச்சு கிளம்பியது. பொதுத்தொட்டி என்றால் பொதுச் சந்தேகம். யார் வேர் எங்கிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுக்கு அடியிலேயே பாறையைக் குடைந்து தனித்தொட்டி கட்டிக்கொண்டார். உள்ளே யார் காவல் காப்பது என்ற கேள்வி வந்ததும், சகோதரர்கள் ஓடைமுகத்துக்குப் போய் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு விலாங்கு பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வருடத்திலிருந்துதான் ஸ்கலினாவில் வீட்டுக்கு ஒரு தொட்டியும் தொட்டிக்கு ஒரு விலாங்குமாக இருக்கிறது. காலையில் முதல் வாளியை மொள்ளாமல் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, ஏழு மூச்சு எண்ணும்வரை காத்திருந்து, விலாங்கு ஏறவில்லை என்று பார்த்த பிறகே அந்த ஊரார் தண்ணீர் எடுப்பதும் அப்போதிருந்துதான். ஏறிய விலாங்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. இப்போது பெருநிலத்திலிருந்து குழாய் வந்துவிட்டது. அறுபத்துமூன்று தொட்டிகளில் நாற்பத்தொன்பதை மூடிவிட்டார்கள். உள்ளே விலாங்கோடு மீதியிருப்பவை பதினான்கு.